வாழ்த்தோடு வயலுக்குள் வந்த முதலாளி

(மே 1, தொழிலாளரான புனித யோசேப்பு திருநாளன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)

மே மாதத்தின் முதல் நாளை உலகம் உழைப்பாளர் நாளாகக் கொண்டாடுகிறது. 1955ம் ஆண்டு, திருத்தந்தை 12ம் பயஸ் இதே நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாக அறிவித்தார். இந்நாளுக்கென தரப்பட்டுள்ள நற்செய்தி (மத்தேயு 13: 54-58), இயேசு தம் சொந்த ஊரான நாசரேத்தின் தொழுகைக்கூடத்தில் போதித்த நிகழ்வைக் கூறுகிறது. அவர் பேசுவதைக் கேட்டு ஊரார் முதலில் வியந்துபோகின்றனர். பிறகு, பேசுகிறவர் யாருடைய மகன் என்பது அவர்கள் நினைவுக்கு வருகிறது. தச்சுவேலை செய்பவரின் பிள்ளை! அவ்வளவுதான், காதுகள் மூடிக்கொள்கின்றன. இயேசு சொன்னதில் எந்தக் குறையும் இல்லை. சொன்னவர் பட்டறையிலிருந்து வந்தவர் என்பதே அவர்கள் கண்ட குறை.

பட்டறையிலிருந்து வரும் குரலுக்குக் காதுகொடுக்க மறுக்கும் இந்த நோய், நாசரேத்தோடு முடிந்துவிடவில்லை. நம் திருப்பூரிலும் அது உண்டு. இன்று இதைப் பற்றிச் சற்று சிந்திப்போம்.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் நம் ஊர்ப்பக்கத்திலிருந்துதான் போகிறது. அவிநாசி சாலை, பல்லடம் சாலை, காங்கயம் சாலை என்று எந்தப் பக்கம் போனாலும், பனியன் கம்பெனிகளின் வாசலில் ஒரு பலகையைப் பார்க்கலாம். டெய்லர், செக்கிங், கைமடி, பேக்கிங் வேலைக்கு ஆட்கள் தேவை என்று எழுதியிருக்கும். எழுத்து வெயிலில் வெளுத்துப்போகும், ஆனால் பலகையை எடுத்தபாடில்லை. முதலாளிகளைக் கேட்டால், "ஆளு நிக்கறதே இல்லீங்க, சாமி" என்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வருவதில்லை. திரும்பி வந்தாலும், ஷிப்டுக்குப் பத்து ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று எதிரில் உள்ள கம்பெனிக்குப் போய்விடுகிறார். அந்தப் பத்து ரூபாய் முதலாளியின் காதில் விழுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் மற்ற காரணங்கள் விழுவதில்லை.

அந்தக் காரணங்கள் என்னென்ன? தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், அயர்னிங் மேசைக்கு அருகே நின்றுகொண்டு பத்து மணிநேரம் வேலை செய்து பார்த்தால் பாதி புரியும். கழிப்பறைக்குப் போவதற்குச் சூப்பர்வைசரிடம் கேட்டு நிற்கவேண்டும் என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்கள் உண்டு. அதனால் வரும் சிறுநீர்த் தொற்றுக்கு அவர்கள் மருத்துவரிடம் கொடுக்கும் பணம், ஓவர்டைமில் வந்த பணம்தான். பீஸ் சரியில்லை என்றால், அதை முகத்துக்கு நேரே வீசி எறிந்து, வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தைகளைச் சொல்லித் திட்டுகிற வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. இவற்றில் எதுவும் 'ஆட்கள் தேவை' பலகையில் எழுதப்படுவதில்லை.

கம்பெனிச் சூழலை மேம்படுத்தவேண்டும் என்று இப்போது பலரும் பேசுகின்றனர். நல்லதுதான். சுவருக்குப் புதிய வண்ணம் பூசுகின்றனர், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகின்றனர், ஆயுதபூசைக்கு எவர்சில்வர் டப்பா தருகின்றனர். இவற்றைக் கேலி செய்வது நம் நோக்கம் அல்ல. ஆனால், வெளிநாட்டுப் பையரின் ஆடிட் வருகிறது என்றால் என்ன நடக்கிறது என்பதையும் நாம் அறிவோம். கழிப்பறையில் சோப்பு வந்துவிடும். முதலுதவிப் பெட்டியில் மருந்து நிறைந்துவிடும். அவசர வழியை அடைத்துக்கொண்டிருந்த துணி மூட்டைகள் ஒரே இரவில் காணாமல்போகும். யார் கேட்டால் என்ன பதில் சொல்லவேண்டும் என்று தொழிலாளருக்கு வகுப்பும் நடக்கும். அடுத்த நாள் சோப்பு காணாமல்போகும், மூட்டைகள் திரும்பி வந்துவிடும். சூழலை எப்படி மேம்படுத்துவது என்பது நமக்குத் தெரியவில்லை என்று இனி யாரும் சொல்லமுடியாது. ஒரே இரவில் செய்து காட்டுகிறோமே!

விவிலியத்தில், நல்லதொரு வேலையிடம் எப்படி இருக்கும் என்பதை அழகாகக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. ரூத்து நூலின் இரண்டாம் பிரிவு அது. மோவாபு நாட்டைச் சேர்ந்த இளம் கைம்பெண் ரூத்து, தன் மாமியார் நகோமியுடன் பெத்லகேமுக்குப் பிழைக்க வருகிறார். பார்லி அறுவடைக் காலம். அறுவடை செய்பவர்களின் பின்னால் சென்று சிந்திய கதிர்களைப் பொறுக்கும் வேலை. மிகக் கீழ்மட்ட வேலை. நம் கம்பெனிகளில் பிசிறு வெட்டுகிற வேலையைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வயலின் சொந்தக்காரர் போவாசு.

போவாசு வயலுக்குள் வந்ததும் முதலில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எத்தனை கட்டு அறுத்தீர்கள் என்று கேட்கவில்லை. ஆண்டவரின் பெயரால் வேலையாட்களை வாழ்த்துகிறார். அவர்களும் அவரை வாழ்த்துகின்றனர். நம் கம்பெனிகளில் முதலாளியின் கார் கேட்டில் நுழைந்ததும் தளத்தில் ஏற்படும் மாற்றத்தை நினைத்துப் பார்த்தால், இந்த வாழ்த்தின் அருமை தெரியும்.

அடுத்து, புதிதாக நிற்கும் இந்தப் பெண் யார் என்று மேற்பார்வையாளரிடம் கேட்கிறார். அந்த மேற்பார்வையாளரிடம் பதில் தயாராக இருக்கிறது. எந்த ஊர்ப் பெண், யாரோடு வந்தவர், காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார், சற்று நேரம்தான் ஓய்வெடுத்தார் என்றெல்லாம் அவர் சொல்கிறார். ஒரு கூலிப் பெண் எவ்வளவு நேரம் நின்றார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று கவனித்து வைத்திருக்கும் மேற்பார்வையாளர்! விவிலியத்தில் பெயர்கூடச் சொல்லப்படாத இந்த மனிதரை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

பிறகு போவாசு ரூத்திடமே நேரடியாகப் பேசுகிறார். வேறு வயலுக்குப் போகவேண்டாம் என்கிறார். அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஆண்களுக்கு ஏற்கெனவே கட்டளையிட்டிருப்பதாகச் சொல்கிறார். தாகம் எடுத்தால் வேலைக்காரர்கள் நிரப்பி வைத்திருக்கும் குடங்களிலிருந்து யாரையும் கேட்காமல் குடிக்கலாம் என்கிறார். சாப்பாட்டு வேளையில், தனியே ஓரமாக உட்காரவிடாமல், அறுவடைக்காரர்கள் நடுவே அழைத்து அமரவைத்து, வறுத்த தானியத்தைத் தம் கையால் கொடுக்கிறார். ரூத்து வயிறாரச் சாப்பிட்டு, மீதியும் வைத்துக்கொள்கிறார்.

பாதுகாப்பு, குடிநீர், ஓய்வு, உணவு. இதில் புதிதாக ஒன்றும் இல்லை. இந்தியாவின் 1948ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இவற்றைத்தான் வரிவரியாக எழுதி வைத்தது. நின்றுகொண்டே வேலை செய்யவேண்டியவர்களுக்கு, இடையே கிடைக்கும் நேரத்தில் உட்கார இருக்கை தரவேண்டும் என்று அச்சட்டத்தின் 44வது பிரிவு கூறியது. கடைகளில் நாள் முழுவதும் நிற்பவர்களுக்கும் இருக்கை கட்டாயம் என்று 2021ம் ஆண்டு தமிழ்நாடு சட்டத்திருத்தம் செய்தது. ஒரு ஸ்டூல் போடுவதற்குச் சட்டம் தேவைப்படுகிறது என்பது வேதனை தரும் உண்மைதான்.

"இதெல்லாம் சரிங்க சாமி, ஆர்டர் இருந்தால்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2025ம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 விழுக்காடு ஆனபோது, பத்து மெசின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அவர்களில் பலர் நம் பங்கு மக்கள். ஆனால், அதிகப் பணம் கேட்காத மாற்றங்களும் உள்ளன. பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் பொருளாதார ஆய்வாளர்கள் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். பழைய விளக்குகளுக்குப் பதிலாக எல்இடி விளக்குகளைப் பொருத்தினார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தான். ஆனால், விளக்குகளிலிருந்து வந்த சூடு குறைந்ததால், வெயில் கடுமையான நாள்களில் தையல்காரர்களின் உற்பத்தியும் கூடியது. விளக்கு சுடுகிறது என்று ஒரு டெய்லரைக் கேட்டிருந்தால், ஆய்வு இல்லாமலே சொல்லியிருப்பார்.

ஆடை ஆலைகளில் இன்னொரு சோதனையும் நடந்தது. சம்பள உயர்வு வந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்ததால் தொழிலாளருக்கு ஏமாற்றம். அப்போது, ஏறத்தாழ 2000 தொழிலாளரில் பாதிப் பேரிடம் மட்டும், வேலையைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி, சூப்பர்வைசரைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டார்கள். கேட்டதைத் தவிர வேறு எதுவும் தரவில்லை, சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆனாலும், கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள், கேட்கப்படாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு!

இந்தச் செய்தி நமக்கு மகிழ்வையும், கூடவே அச்சத்தையும் தருகிறது. மனிதர்கள் மதிக்கப்படுவதற்கு எவ்வளவு ஏங்குகின்றனர் என்பது மகிழ்வு. கேட்பதுபோல் நடித்தே ஆளை நிறுத்தி வைக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டுவிடுவார்களோ என்பது அச்சம். போவாசு கேட்பதோடு நின்றுவிடவில்லை. கேட்ட பிறகு தண்ணீர்க் குடத்தைக் காட்டினார், ஆண்களைக் கண்டித்து வைத்தார்.

கேட்காமல் போனால் என்ன நடக்கும்? 2013ம் ஆண்டு ஏப்ரல் 24ம் தேதி, வங்காள தேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா என்ற எட்டுமாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. முந்தைய நாளே சுவர்களில் விரிசல்களைப் பார்த்த தொழிலாளர் உள்ளே செல்லப் பயந்தனர். அதே கட்டடத்தில் இருந்த வங்கி மூடப்பட்டது. மேல் மாடிகளில் இருந்த ஆடைத் தொழிற்சாலைகளோ, வேலைக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தின. 1100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். ஒரு வாரம் கழித்து, இதே மே முதல் தேதி காலைத் திருப்பலியில், அங்கு வழங்கப்பட்ட கூலியை அறிந்த திருத்தந்தை பிரான்சிஸ் அதனை அடிமைத்தனம் என்றே கண்டித்தார்.

டாக்கா தொலைவில் இருக்கிறது என்று நாம் ஆறுதல் அடையமுடியாது. 2019ம் ஆண்டு, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசினர். மாதவிடாய் வலி என்று சொன்னால், பெயர்ச் சீட்டு இல்லாத மாத்திரை ஒன்று கொடுக்கப்பட்டதாக அவர்கள் அனைவரும் கூறினர். வலி என்று சொன்ன பெண்ணுக்குக் கிடைத்தது ஓய்வு அல்ல, வலியை மறைத்துவிட்டு மெசினில் உட்காரவைக்கும் ஒரு மாத்திரை. உடல் பேசினாலும் அதன் வாயை அடைத்துவிடுகிறோம்.

2021ம் ஆண்டு சனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல்ஸ் என்ற ஆலையில் வேலை செய்துவந்த இளம் தலித் பெண் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். அதே ஆலையில் பணியாற்றிய மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். பல மாதங்களாக அப்பெண் பாலியல் தொல்லைக்கு உள்ளாகியிருந்ததாக அவரது குடும்பத்தினரும், உடன் வேலை செய்தவர்களும் கூறினர். பல மாதங்கள்! அத்தனை மாதங்களில், அவர் சொல்லியிருந்தால் அச்சமின்றிக் கேட்டு, செயலில் இறங்கக்கூடிய ஒரு காது அங்கே இல்லை.

இந்த வேதனையிலிருந்து ஒரு நன்மை பிறந்தது. பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்ட தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், அந்த ஆலையை நடத்திவந்த, திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு 2022ம் ஆண்டு ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பன்னாட்டு நிறுவனங்களும் இதில் இணைந்தன. இதற்குத் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று பெயர். ஆலைத் தளத்தில் 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம், தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். உடன் வேலை செய்பவருக்குத் தொல்லை என்றால், அவர்கள் நேரடியாக எடுத்துச் சொன்னார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று ஒப்பந்தம் கூறியது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால், துணி வாங்கும் நிறுவனங்கள் அதற்குத் தகுந்த நடவடிக்கை எடுக்கவேண்டியிருந்தது.

முதல் ஆண்டில் மட்டும் 185 புகார்கள் வந்தன. அவற்றில் 182 தீர்க்கப்பட்டன. அத்தனை புகார்களா என்று ஒருவர் திகைக்கலாம். நாம் இதனை மறுபக்கமாகப் பார்க்க விழைகிறோம். புகார் ஒன்றுகூட வராத ஆலையைப் பற்றித்தான் நாம் கவலைப்படவேண்டும். பேச அஞ்சிய பெண்கள் 185 முறை பேசினர் என்பதே இதில் நமக்குக் கிடைக்கும் நற்செய்தி. தொழிலுக்கும் இதனால் நன்மை உண்டானது. 2022ம் ஆண்டு சூலையில் அந்த ஆலையின் ஆடைகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடை செய்தது. ஒப்பந்தத்தின் பலனைக் கண்டு, செப்டம்பரிலேயே தடையை நீக்கியது.

அன்பு நெஞ்சங்களே, இந்த உரையைக் கேட்பவர்களில் பெரும் முதலாளிகள் குறைவு. ஆனால் லைன் சூப்பர்வைசர்கள், கட்டிங் மாஸ்டர்கள், அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக, எச்ஆர் பொறுப்பில் இருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுடைய நெருக்கடியும் விவிலியத்தில் இருக்கிறது. விடுதலைப் பயணம் ஐந்தாம் பிரிவில் பார்வோன், செங்கல் அறுக்கும் மக்களுக்கு வைக்கோல் தருவதை நிறுத்திவிட்டு, அதே எண்ணிக்கையைக் கேட்கிறான். எண்ணிக்கை குறைந்தபோது அடி வாங்கியவர்கள், இஸ்ரயேலர் மீது ஏற்படுத்தப்பட்டிருந்த இஸ்ரயேல் மேற்பார்வையாளர்களே. அவர்கள் பார்வோனிடம் போய் நியாயம் கேட்டால், நீங்கள் சோம்பேறிகள் என்கிறான். துணி தாமதமாக வருகிறது, நூல் சரியில்லை, ஆனால் ஷிப்மெண்ட் தேதி மாறாது. மேலிருந்து வரும் திட்டு உங்கள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. அதனை அப்படியே கீழே இறக்குவதா, அல்லது உங்களிடமே நிறுத்தி, கீழே இருப்பவரின் குரலை மேலே எடுத்துச் செல்வதா என்பதுதான் உங்கள் முன் இருக்கும் கேள்வி. அந்த இஸ்ரயேல் மேற்பார்வையாளர்கள் அரசனிடம் போய்க் கேட்கவாவது செய்தார்கள்.

ஒடிசாவிலிருந்தும், பீகாரிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் நடுவே வேலை செய்பவர்களையும் மறந்துவிடக்கூடாது. அவர்களுள் சிலர் ஞாயிறன்று நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்கின்றனர். கம்பெனியில் அவர்கள் எல்லாருக்கும் 'இந்திக்காரப் பையன்' என்று ஒரே பெயர். மோவாபுப் பெண்ணாக வந்தவரின் பெயரையும் கதையையும் போவாசு கேட்டு அறிந்ததைப்போல, திருப்பலி முடிந்ததும் ஒருவரிடமாவது பெயரைக் கேட்கலாமே.

தொல்லைக்கு உள்ளாகும் பெண்களுக்கு ஒரு தகவல். 2013ம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும். 10 பேருக்குக் குறைவாக உள்ள சிறு கம்பெனியில் வேலை செய்பவரும், முதலாளி மீதே புகார் உள்ளவரும், மாவட்ட அளவில் அமைக்கப்பட்டுள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் செல்லலாம். 181 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் பேசலாம். தனியாகப் போகத் தயங்கினால், அன்பியப் பொறுப்பாளர்களும், பங்கின் அருள்சகோதரிகளும் உடன் வருவார்கள்.

இறுதியாக, ரூத்தின் வீட்டுக்கு வருவோம். மாலைவரை கதிர் பொறுக்கி, தட்டி எடுத்த பார்லியோடு ரூத்து வீட்டுக்கு வருகிறார். மதியம் சாப்பிட்டு மீதி வைத்திருந்ததையும் மாமியாருக்குக் கொடுக்கிறார். எவ்வளவு கிடைத்தது என்று நகோமி எடைபோடவில்லை. இன்று எங்கே, யாருடைய வயலில் வேலை செய்தாய் என்று கேட்கிறார். ரூத்து நடந்ததையெல்லாம் சொல்கிறார். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த வயலிலேயே, அந்தப் பெண்களோடேயே இருந்துகொள் மகளே, வேறு வயலில் உனக்குத் தீங்கு நேரக்கூடும் என்கிறார் நகோமி. பார்லி அறுவடையும் கோதுமை அறுவடையும் முடியும்வரை ரூத்து போவாசின் வயலை விட்டுப் போகவில்லை.

சனிக்கிழமை இரவு நம் பிள்ளைகள் வீடு திரும்பும்போது, சம்பளம் போட்டாங்களா என்பதே பெரும்பாலும் நம் முதல் கேள்வி. வாடகையும் வட்டியும் காத்திருக்கும்போது அந்தக் கேள்வியைக் குறை சொல்லமுடியாது. இந்தச் சனிக்கிழமை அதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, மகளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு அங்கே எப்படி இருந்தது என்று கேட்போம். பதில் உடனே வராது. மகள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்போம்.